மாடிக்குப் பாதி, கீழே பாதி

ஜெனரேட்டர் வந்து இறங்கிய அதே காலையில்தான், தம்பி குடும்பம் வேறு வீடு பார்த்துவிட்ட செய்தியும் வந்து இறங்கியது. இரண்டையும் கொண்டுவந்தவன் தம்பியே. ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன் அவன். பின்கதவைத் திறந்து, அட்டைப்பெட்டியின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை அண்ணனிடம் கொடுத்தான். பாதி தூரம் வந்ததும் நின்று, "அண்ணா, நாங்க வீடு மாறலாம்னு இருக்கோம். பார்த்துப் பேசி முடிச்சாச்சு" என்றான்.

அண்ணனால் பெட்டியைக் கீழே போடவும் முடியவில்லை, நெஞ்சில் கை வைக்கவும் முடியவில்லை. "சாய்க்காம தூக்குடா. இந்தப் பக்கம் மேலேன்னு அம்பு போட்டிருக்கு பாரு" என்று மட்டும் சொன்னார்.

அண்ணனின் மனைவி மூத்தவள் கீழ்ச் சமையலறை ஜன்னல் வழியாக இதைக் கேட்டாள். கையிலிருந்த கரண்டியால் வாணலியில் ஒரு தட்டுத் தட்டினாள். அதற்குச் சற்றுத் தள்ளி மேலே, மாடியின் பின்பக்கப் படிமேடையில் நின்றிருந்த தம்பியின் மனைவி இளையவள், பதிலுக்கு ஈரத் துண்டைப் படாரென்று உதறினாள். அந்த வீட்டின் ஓரகத்திகள் இருவரும் சில வாரங்களாக இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் ஒரு வெங்காயம். இளையவள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். அவளுடைய ஃப்ரிட்ஜ் நிரம்பிவிட்டால், மிச்சத்தைக் கீழே அக்காவின் ஃப்ரிட்ஜில் வைப்பது வழக்கம். ஒருநாள் மூத்தவள் பாதி நறுக்கிய வெங்காயத்தை மூடாமல் ஒரு கேக்கின் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். மறுநாள் பிறந்தநாள் கொண்டாடிய குழந்தை, முதல் வாயிலேயே கேக்கைத் துப்பிவிட்டு ஓவென்று அழுததாம்.

"அக்காவுக்கு என் வேலைன்னா விளையாட்டு" என்றாள் இளையவள்.

"என் ஃப்ரிட்ஜ் என்ன உன் கடையா?" என்றாள் மூத்தவள்.

சொன்ன நிமிஷமே மூத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கடித்த நாக்கை வைத்துக்கொண்டு எப்படி மன்னிப்புக் கேட்பது? இளையவள் மாடிக்குப் போனவள்தான். அதற்கப்புறம் இந்தப் பக்கம் ஒரு பேச்சு இல்லை.

மூத்தவள் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் முகத்தையே பார்த்துவிட்டு வீடு திரும்பினால், வாய்விட்டுச் சிரிக்க அவளுக்கு இருந்த ஒரே ஆள் இளையவள்தான். புருஷன்மார்களைப் பற்றி இருவரும் சேர்ந்து குறை சொன்னால், அதில் ஒரு தனி ருசி இருக்கும். தனியாகக் குறை சொல்லிப் பார்த்தாள்; புலம்பல் மாதிரி இருந்தது. இளையவள் போகக் கூடாது. அது மட்டும் மூத்தவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதைத் தானாகப் போய்ச் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. "சின்னவ அவ. அவதானே முதல்ல வரணும்?" என்று வாணலியைக் கேட்டாள். வாணலி அவள் பக்கம்தான் பேசியது.

பின்முற்றத்துச் சிமெண்டுத் தரையில் தம்பி பெட்டியைப் பிரித்தான். சிவப்புச் சட்டத்துக்குள் சின்னதாக ஒரு பெட்ரோல் இன்ஜின், புது பெயிண்ட் வாசனையோடு உட்கார்ந்திருந்தது. மின்சாரம் போய் இளையவளின் கிரீம் எல்லாம் உருகி வழிந்த ஒரு நாளுக்குப் பிறகு, அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்குவதாக முடிவு செய்தது இது. பெட்ரோலை ஊற்றிய கையோடு தம்பி கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனான். அண்ணன் இன்ஜின் மேலேயே குப்புற விழுந்தார்.

"டேய்! உள்ளே ஆயில் இல்லடா!"

"புது இன்ஜின்ணா. கம்பெனிக்காரன் ஊத்தாமயா அனுப்புவான்?"

"ஊத்தாமத்தான் அனுப்புவான். பக்கம் மூணு, இரண்டாவது பத்தி."

அண்ணன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அங்கே அவருக்குப் பெயரே 'கால்புள்ளி'தான். மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், ஷாம்பு பாட்டிலின் எச்சரிக்கை என்று அச்சில் வந்த எதையும் முழுக்கப் படிக்காமல் கீழே வைக்க மாட்டார். ஜெனரேட்டர் பெட்டியின் மேல் ஒட்டி வந்த கையேட்டை, பெட்டி பிரிக்கும் முன்பே இரண்டு தடவை படித்து, அதில் இருந்த பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தியும் வைத்திருந்தார்.

ஆயில் ஊற்றி, அளவுக்குச்சியை விட்டுப் பார்த்து, துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்.

"முதல் இருபது மணி நேரம் இதைப் பழக்கணும். உள்ளே வளையமும் உருளைச் சுவரும் புதுசு. ஒன்னோட ஒன்னு உரசி உரசித்தான் படியும். எடுத்த எடுப்புல முழு லோடு போட்டா கீறிக்கும். லோடே போடாம சும்மா ஓட விட்டாலும் கெட்டுப்போகும். பாதி லோடு. அதையும் ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி..."

மூத்தவள் அவரைக் கூர்ந்து பார்த்தாள். ஆனால் அவர் இன்ஜினைப் பற்றித்தான் சொன்னார். வளைத்துப் பேசத் தெரிந்த ஆள் இல்லை அவர்.

"சரி, அங்கே கொண்டுபோய்ப் பழக்கிக்கிறேன்" என்றான் தம்பி. கேக் வேலைக்காக வாங்கிய ஜெனரேட்டர் இளையவளோடுதான் போகும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணன் கையேட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். கையேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"முடியாது. பழக்கி முடிக்கிற வரைக்கும் இருந்த இடத்தை விட்டு அசைக்கக் கூடாது. பக்கம் பதினொன்னு."

அண்ணன் ஒன்றை அச்சில் இருக்கிறது என்று சொன்னால் தம்பிக்கு அதற்கு மேல் பேச்சே கிடையாது. பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான். "அப்போ இருபது மணி நேரம் முடிஞ்சதும் போறோம்" என்று தலையைச் சொறிந்துகொண்டான்.

அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"என்னங்க, என்ன பண்ணுது?"

"பதினொன்னாம் பக்கத்துல அப்படி ஒன்னும் இல்ல" என்றார் சுவரைப் பார்த்து.

மூத்தவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் புருஷன் மேல் புதிதாக ஒரு பாசம் பொங்கியது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. முதல் பொய்யை இவ்வளவு உபயோகமாகச் சொல்வார் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

"சுக்கு வெந்நீர் வெச்சுத் தரேன், எழுந்திரிங்க. ஆமா, இந்த இருபது மணி நேரத்தை ஒரேயடியா ஓட்டி முடிக்கணும்னு ஒன்னும் இல்லையே?"

"ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் ஓட்டணும். அது நிஜமாவே போட்டிருக்கு."

"நல்லா ஆறவிடுங்க" என்றாள் அவள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம், எல்லோரும் வேலையிலிருந்து வந்ததும், அந்த வீட்டில் கரண்ட் இருக்கும்போதே மெயினை அணைத்துவிட்டு ஜெனரேட்டர் ஓட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் முதல் நாள் வாசலுக்கு வந்து தன் வீட்டு விளக்கைப் பார்த்தார், இவர்கள் வீட்டை எட்டிப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல், "கரண்ட் இருக்குங்க" என்று வந்து சொல்லிவிட்டுப் போனார்.

லோடு ஏற்றுவது சாதாரண வேலையாக இல்லை. மேலே இளையவளின் சின்ன அடுப்பும் கீழே மூத்தவளின் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நேரத்தில் ஓடினால் பாதியைத் தாண்டிவிடும். இரண்டும் அணைந்து வெறும் ஃபேன் மட்டும் ஓடினால் போதாது. மேலே கூடும்போது கீழே குறைய வேண்டும். ஓரகத்திகள் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம். அவர்களுக்குத்தான் பேச்சு கிடையாதே.

முதல் நாள், தூது போகிற வேலை தம்பிக்கு வந்தது.

"உங்க அண்ணிகிட்ட சொல்லுங்க, நான் அடுப்பைப் போடப் போறேன்னு."

தம்பி படியில் குனிந்து, "அண்ணி! அவ அடுப்பைப் போடப் போறாளாம்!"

"போடட்டும். எனக்கு இன்னும் ரெண்டு சட்டை இருக்குன்னு சொல்லுங்க தம்பி."

"ரெண்டு சட்டை இருக்காம்!"

"கேட்டுச்சு! நான் என்ன செவிடா?"

இதெல்லாம் இன்ஜினைக் கிளப்பும் முன்பு. அண்ணன் சோக்கைத் தள்ள, தம்பி கயிற்றை இழுக்க, இன்ஜின் இருமி, கனைத்து, பிறகு காது கிழிகிற மாதிரி ஓட ஆரம்பித்தது. அதற்கப்புறம் தம்பி கத்தியது யார் காதிலும் விழவில்லை. படியில் ஏறுவதும் இறங்குவதுமாக அவன் தொண்டையும் முழங்காலும் ஒரே நாளில் போய்விட்டன.

"நாளையிலேருந்து நீங்களே ஏதாவது பண்ணிக்குங்க தாயி" என்று இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் வேறு வழியில்லை. மேலே படிமேடையில் இளையவள் நின்றாள். கீழே ஜன்னலில் மூத்தவள். இளையவள் வானத்தைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கையாலும் ஓர் அடுப்புக் கதவைத் திறந்து மூடுவது போலச் செய்தாள். மூத்தவள் பின்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திக் காட்டினாள். பேசுவதில்லை என்றுதான் இருவரும் வைராக்கியம் எடுத்திருந்தார்கள். கை ஆட்டுவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

சீக்கிரமே அதற்கு ஒரு பாஷை உண்டாகிவிட்டது. விரலை வட்டமாகச் சுற்றினால் மிக்ஸி. தலைக்கு மேல் கையை ஆட்டினால் முடி உலர்த்துகிற கருவி. அடுப்புக்கு அடுப்புக் கதவு. பிறகு, இன்ஜின் ஒரே சீராக ஓடுகிற நேரங்களில் கைக்கு வேலையில்லாமல் போனதால், வேறு சங்கதிகளும் வர ஆரம்பித்தன. ஒருநாள் இளையவள், இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்து காது வைத்துக் கேட்கிற அண்ணனைக் கண்ணால் காட்டி, ஸ்டெதஸ்கோப் மாட்டுவது போல நடித்தாள். மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து பாத்திரம் கழுவுகிற தொட்டியில் முகத்தை மறைத்துக்கொண்டாள். மறுநாள் பதிலுக்கு, வேன் கதவைச் சாத்தும்போதெல்லாம் தம்பி தொப்பையை உள்ளே இழுப்பதை நடித்துக் காட்டினாள். மேலே இளையவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். தம்பி அண்ணாந்து பார்த்து, "என்னடி, ஷாக் அடிக்குதா?" என்று பதறினான்.

இன்ஜினை நிறுத்தியதும் இருவர் முகமும் பழையபடி இறுகிவிடும். ஆனால் மூத்தவள் மருத்துவமனையிலிருந்து சீக்கிரமாகக் கிளம்பத் தொடங்கியிருந்தாள். "புது இன்ஜின், வீட்டுல பழக்கிட்டு இருக்கோம்" என்று டாக்டரிடம் அவள் சொன்ன காரணம், மருத்துவமனையில் யாருக்கும் விளங்கவில்லை.

ஜெனரேட்டரின் பக்கவாட்டில், ஓடிய மணியைக் காட்டுகிற சின்ன முள் ஒன்று இருந்தது. அது நகர நகர மூத்தவள், "நல்லா ஆறவிட்டீங்களா?" என்று புருஷனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணனும் முடிந்ததைச் செய்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். காற்று வடிகட்டியைத் தட்டினார். "இன்னைக்கு ஈரக்காத்து அடிக்குது, வேண்டாம்" என்று ஒருநாள் ஓட்டாமலே விட்டார். தம்பி நம்பினான். அவன் ரொட்டியை நம்புகிற மாதிரி அண்ணனை நம்புகிறவன்.

முள் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்த ஒரு சாயங்காலம், இளையவள் படியிறங்கி முற்றத்துக்கு வந்தாள். கையில் கைபேசி.

"மாமா, புது வீட்டு ஓனர் கூப்பிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை வரலேன்னா வேற ஆளுக்கு விடப் போறாராம். அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்க."

அண்ணன் கையேட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "எதுக்கும்மா? எது வேணும்னாலும் என்னைக் கேளு. மனப்பாடம்."

"பதினொன்னாம் பக்கம் பார்க்கணும்."

கொடுத்தார். இளையவள் புரட்டி, வாய்விட்டுப் படித்தாள். "'இயந்திரத்தை மூடிய அறைக்குள் இயக்காதீர். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். கைப்பிடியால் தூக்கி எளிதில் எங்கும் எடுத்துச் செல்லலாம்.' மாமா, அசைக்கக் கூடாதுன்னு எங்கே போட்டிருக்கு?"

அண்ணன் திருதிருவென்று விழித்தார்.

"அச்சுல விட்டுப்போச்சும்மா."

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணா! நீயா? அச்சுல இருக்குன்னு சொன்னியே?" என்று, கடவுளே வந்து கடன் கேட்டுவிட்ட மாதிரி நின்றான்.

இளையவள் சத்தம் போடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். நேராக, மூத்தவளின் முகத்தைப் பார்த்தாள். மாமா எதற்குப் பொய் சொன்னார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. அக்காவுக்கு அதில் பங்கு உண்டா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும்.

மூத்தவள் வாணலியைத் தேய்த்தாள். தேய்த்துச் சுத்தமாகியிருந்த இடத்தையே மறுபடி தேய்த்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை போறோம்" என்று சொல்லிவிட்டு இளையவள் மாடிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து வேனில் சாமான் ஏறிக்கொண்டே இருந்தது. கட்டிலைக் கழற்றிச் சட்டம் சட்டமாக அடுக்கினான் தம்பி. அண்ணனோடு அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் கடைசியில் அண்ணன் கிட்டே போய், "டேய், இன்னும் அரை மணி நேரம்தான் மிச்சம். அதை இங்கேயே ஓட்டிட்டா, பழைய ஆயிலை நானே வடிச்சுப் புது ஆயில் ஊத்திக் குடுத்துடுவேன். புது வீட்டுல போய் உனக்கு அந்த அழுக்கு வேலை வேண்டாம்" என்றபோது, அவனால் மறுக்க முடியவில்லை. "இதுவாவது அச்சுல இருக்கா?" என்று மட்டும் கேட்டான். "இருக்குடா. சத்தியமா. பக்கம் பதினாலு" என்றார் அண்ணன்.

கயிற்றை இழுத்ததும் இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. நன்றாகப் பழகிவிட்டிருந்தது சனியன்.

லோடு ஏற்ற மாடியில் எதுவும் மிச்சமில்லை. அடுப்பு, மிக்ஸி எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. வெளியே கிடந்தது முடி உலர்த்துகிற கருவி மட்டும்தான். இளையவள் அதை ஓடவிட்டு, படிமேடையில் நின்றுகொண்டு, எதிர்க்காற்றைத் துப்பாக்கியால் மிரட்டுகிறவள் மாதிரி வெறும் வெளியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தாள். கீழே மூத்தவள், தேய்க்கத் துணி இல்லாததால், கை துடைக்கும் துண்டையே மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் அண்ணன் முள்ளின் மேல் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தார்.

மூத்தவள் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தாள். இளையவள் பார்த்தாள். மூத்தவள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. மிக்ஸிக்குச் சைகை இருக்கிறது, அடுப்புக்கு இருக்கிறது, தம்பியின் தொப்பைக்குக்கூட இருக்கிறது. இதற்கு இல்லை. கையை இப்படி அசைத்தாள், அப்படி அசைத்தாள். மேலே இளையவள் புருவத்தைச் சுருக்கி, விரலை வட்டமாகச் சுற்றி, மிக்ஸியா என்று கேட்டாள்.

"மிக்ஸியாம் மிக்ஸி!" என்று மூத்தவள் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரும்புப் படியில் தடதடவென்று ஏறினாள். இளையவளின் காதோரம் குனிந்தாள்.

"போகாதடி."

"என்னது?" என்றாள் இளையவள், காதில் கை வைத்து.

"போகாதேன்னேன்!"

"இன்ஜின் சத்தத்துல ஒன்னும் விழலக்கா!"

அக்கா என்றதும் மூத்தவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச கௌரவமும் படியில் உருண்டு போய்விட்டது. மூச்சை நன்றாக இழுத்து, இன்ஜினே வெட்கப்படுகிற மாதிரி கத்தினாள்.

"தப்பு என் மேலதான்! வாய்த்துடுக்குல சொல்லிட்டேன்! நீ இல்லாம எனக்கு இந்த வீட்டுல பேச ஆள் இல்லடி, பைத்தியம்! போகாத!"

எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். வேனுக்குள் தலையணைகளுக்கு நடுவே இருந்த தம்பி, தலையணையோடு எட்டிப் பார்த்தான்.

இளையவள் கருவியை அணைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் உதடு சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டது.

"முதல் தடவையே கேட்டுச்சுக்கா."

"கேட்டுச்சா? அப்புறம் ஏண்டி என்னைத் தெரு முழுக்கக் கேக்குற மாதிரி கத்த விட்டே?"

"எத்தனை நாளா இதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தடவை போதுமா?" என்று இளையவள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "வெங்காயத்துக்கு அவ்வளவு பேசியிருக்கக் கூடாதுக்கா நானும்."

"லோடு குறையுது! யாரு நிறுத்தினது?" என்று கீழே அண்ணன் கத்தினார். அதோடு அவர் மூக்கு ஒருமுறை விரிந்தது. "என்ன இது, கருகின வாசனை? இன்ஜினா?" என்று பதறி அதை நிறுத்தினார்.

இன்ஜின் இல்லை. சமையலறையில் இஸ்திரிப் பெட்டி துண்டின் மேல் படுத்தபடியே புகைந்துகொண்டிருந்தது. மூத்தவள் ஐயையோ என்று ஓட, இளையவள் பின்னாலேயே ஓட, பெட்டியின் உருவம் அச்சு அசலாகத் துண்டில் விழுந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

தம்பி தலையணையோடு வந்து நின்றான். "இப்போ என்ன முடிவு? போறோமா, இல்லையா?"

"இல்ல" என்றார்கள் இருவரும்.

"இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா நான் கட்டிலைக் கழட்டியிருக்க மாட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் அவன் முகத்தில் இருந்தது கோபமில்லை. தலையணையைக் கீழே போட்டுவிட்டு முதலில் போய் நின்றது அண்ணனிடம்தான். "நீயும்தான் இருக்கியே. போகாதடான்னு ஒரு வார்த்தை சொல்றதை விட்டுட்டு, பக்கம் பதினொன்னாம்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போகாதடா" என்றார், மெல்லிய குரலில். "அதை எந்தப் பக்கத்துல போடுறதுன்னு தெரியல."

புது வீட்டின் சொந்தக்காரரிடம் யார் பேசுவது என்பதில் கொஞ்ச நேரம் தள்ளுமுள்ளு நடந்தது. கடைசியில் இளையவளே பேசினாள். அவர் திட்டியது பக்கத்தில் நின்ற மூவருக்கும் தெளிவாகக் கேட்டது. பிறகு ஏறிய சாமானெல்லாம் ஒவ்வொன்றாக இறங்கியது. கட்டிலைப் பூட்டப் போனபோது, கழற்றிய திருகாணிகளை எந்தப் பெட்டியில் போட்டோம் என்று தம்பிக்கு நினைவில்லை. கட்டியிருந்த பெட்டிகளையெல்லாம் அவிழ்த்து மாடி முழுக்கப் பரப்பினார்கள்.

மிச்சமிருந்த நிமிஷங்களையும் மறுபடி ஓட்டி, முள் கடைசிக் கோட்டைத் தொட்டதும் அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். சூடு அடங்கும் முன்பே திருகைத் திறந்து, பழைய ஆயிலை ஒரு தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தார். கறுத்த ஆயிலுக்குள் பொடிப்பொடியாக உலோகத் துகள் மினுமினுத்தது.

"எல்லாரும் வந்து பாருங்க! உள்ளே எவ்வளவு உரசியிருக்குன்னு பாருங்க! இனிமே முழு லோடும் தாங்கும்!"

யாரும் வரவில்லை. மாடியில் கட்டிலின் தலைமாடு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று ஓரகத்திகள் இருவரும், கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க, தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.